சதுரக்காசின் இரட்டை

சென்னையில் நாணயக் காட்சி பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வாடகைக்கு எடுப்பார்கள். நான் முதல்முறை போனபோது, முந்தின கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரத்தின் நார் வாசல் தூணில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பந்தி மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, இலை போட வேண்டிய இடத்தில் கண்ணாடித் தட்டுகளை வைத்திருந்தார்கள். தட்டு நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு காசு. மேசைக்கு இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

என்னோடு வந்த மதினிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. “முதல் பந்தியே இன்னும் முடியல போலுக்கே” என்றார்.

மதினி என்று நான் சொல்வது பாத்திரக்கடை அண்ணாச்சியின் மனைவியை. அண்ணாச்சிக்கும் எனக்கும் உறவு ஒன்றும் கிடையாது. நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள். அவர் திருநெல்வேலி டவுணில் ரதவீதியில் கடை வைத்திருந்தவர். ஓட்டை விழுந்த பித்தளைக் குடம் ஒன்றைப் போட்டுவிட்டுப் புதுசு எடுக்க ஒருநாள் அவர் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கறுத்துப்போன செம்புத் துண்டுகள் கிடந்தன. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சும்மா இருக்க முடியாமல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மேலோட்டமாக ஏதோ தெரிந்தது.

“இது மீனுல்லா அண்ணாச்சி?” என்றேன்.

அவர் நிறுத்துக்கொண்டிருந்த குடத்தைத் தராசிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “எம்மா, அது மீனுன்னு ஒங்களுக்குத் தெரியுதா? எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. ஆணிக் கொண்டைன்னு சொல்லுதாவ.”

அவ்வளவுதான் அறிமுகம். அன்றைக்குக் குடம் எடுக்க நான் மறந்தே போனேன்.

பழைய செம்பு, பித்தளை என்று அவர் கடைக்கு வள்ளியூர் வரையில் இருந்தும் மூட்டை மூட்டையாகச் சாமான் வரும். அதற்குள் காசுகளும் கிடக்கும். தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்று மணலை அரிக்கிறவர்களும் கிடைத்ததை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாண்டியர் மீன், நாயக்கர் காலத்துக் காளை, தூத்துக்குடியில் டச்சுக்காரன் அடித்த துட்டு என்று எல்லாம் ஒரே கிண்ணத்தில் கலந்து கிடக்கும். அவருக்கு எது எந்தக் காலம் என்று தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். “இத ஒரு படைவீரன் இடுப்புல முடிஞ்சு வச்சிருந்திருக்கான், ஆத்தக் கடக்கையில விழுந்துட்டு” என்பார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், “வேற எப்படி அங்கன போகும்?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அண்டாக்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காருவோம். மதினி மாடியிலிருந்து காப்பி அனுப்புவார். சில நேரம் அவரே வந்து, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து கீரை ஆய்வார். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, “காசுல இன்னும் ராஜா வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். வெளியே தேர் வீதியில் வெயில் அடித்துக் கிடக்கும். உள்ளே செம்பு வாசமும் சணல் சாக்கு வாசமும். இப்போதும் எங்காவது பாத்திரக்கடைக்குள் நுழைந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மூக்கு வழியாக வந்துவிடுகின்றன.

ஆரம்பத்தில் ஒரு பெரிய கூத்து நடந்தது. நல்ல பச்சைக் களிம்பு ஏறின பாண்டியர் காசுகள் சிலவற்றை அண்ணாச்சி எனக்குக் காட்டுவதற்காக, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். புதுச் செம்பு மாதிரி மின்னியது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

“என்ன அண்ணாச்சி இப்படிச் செஞ்சிட்டிய! அந்தக் களிம்புதான் அதுக்குத் தோலு. அத உரிச்சா காசே போச்சுல்லா.”

“அழுக்கா இருக்கத எப்படிம்மா இன்னொருத்தர் கையில கொடுக்கது?” என்றார் அவர். கடைக்காரர் நியாயம் அது. பிறகு நான் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய், அதில் காசுகளை நாள் கணக்கில் ஊறப்போட்டு, பல்குச்சியால் பைய மண்ணை எடுக்கக் காட்டிக்கொடுத்தேன். அவருக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் புளியைத் தொடவில்லை.

இந்தக் கிண்ணத்துக் காசுகளையெல்லாம் விட அவருக்கு உயிரான காசு ஒன்று இருந்தது. அதைக் கிண்ணத்தில் போடமாட்டார். வெள்ளிக் குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து, அதற்குள் வைத்திருப்பார். சங்ககாலப் பாண்டியர் சதுரக்காசு. செம்பு. ஒரு பக்கம் யானை, அதற்கு மேலே பழைய தமிழ் எழுத்துகள். மறுபக்கம் கோடுகளால் போட்ட மீன். எழுத்து உள்ள சதுரக்காசு கிடைப்பது அபூர்வம். ஒரு மூலை லேசாக உடைந்திருக்கும். யானையின் துதிக்கைக்கு முன்னால் மிளகு பதிந்ததுபோல ஒரு பள்ளம் இருக்கும். கொற்கைப் பக்கம் வயலில் கிடைத்தது என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். அண்ணாச்சி அதற்காகத் தன் மோட்டார் சைக்கிளை விற்றதாக மதினி சொல்வார். “வண்டிய வித்துட்டு யானைய வாங்கியிருக்காவ” என்பார்.

என்னிடம் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தது. எல்லாக் காசையும் நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். அந்தச் சதுரக்காசை மட்டும் அவர் தரமாட்டார். “அது நிறுவைக்கு வாங்கின சாமான் இல்லம்மா” என்பார். உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். செல்போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார். அவ்வளவுதான். நானும் அந்தக் காசின் மேல் மரியாதை கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி எழுத்துக்கூட்ட முயன்றிருக்கிறேன்.

அவருடைய மகன் சென்னையில் வேலைக்குப் போய்க் குடும்பமாகிவிட்டான். பேரனைப் பார்க்க அவர்கள் போகும்போது நாணயக் காட்சியும் வருகிற மாதிரி தேதி பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் இன்னொரு விசேஷம் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் நாணய ஆய்வாளர் ஒருவர் மேடையில் பேசுவார். அவரிடம் யார் வேண்டுமானாலும் தங்கள் காசைக் கொடுத்து விளக்கம் கேட்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. காசைப் பெரிய திரையில் காட்டுவார்களாம். அண்ணாச்சி அதற்காகவே புதுச் சட்டை தைத்திருந்தார். ரயிலில் ஏறியதிலிருந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எழுத்த அவரு படிச்சுச் சொல்லட்டும். எந்த ராசான்னு தெரிஞ்சுரும். நம்மூர்க் காச மெட்ராஸ்காரன் பூரா பாக்கட்டும்” என்றார்.

மண்டப வாசலிலேயே ஒரு கூட்டம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது. டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்தவர்கள். பாவம், ஒருவர் செங்கல்பட்டிலிருந்து மனைவி, மாமியாரோடு வந்திருந்தார். அந்த நோட்டை அவர் திருநீற்றுப் பையில் வைத்திருந்தார். மேசைக்காரர்கள் சிரிக்காமல் பதில் சொல்லப் பழகியிருந்தார்கள்.

உள்ளே போனதும் நாங்கள் பிரிந்துவிட்டோம். அண்ணாச்சி பெரிய பெரிய வெள்ளிக்காசு மேசைகளுக்குப் போனார். மதினி சாப்பாட்டுப் பையோடு மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் செம்புக் காசுகளைத் தேடி நடந்தேன். இத்தனை காசுகளை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் கிண்ணத்தில் அரைகுறையாகத் தெரிந்ததெல்லாம் இங்கே முழுதாகத் தெரிந்தது. மீனுக்குச் செதில் இருந்தது. காளைக்குக் கழுத்து மணி இருந்தது. சில மேசைக்காரர்கள் என்னைப் பார்த்ததும், “சார் வரலீங்களா மேடம்?” என்று கேட்டார்கள். நான் லென்சை எடுத்துக் கண்ணில் வைத்த பிறகு பேச்சை மாற்றினார்கள்.

வரிசையின் கடைசியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன மேசை ஒன்று. ஆல்பம், பிளாஸ்டிக் உறை, லென்ஸ் என்று உதிரிச் சாமான்கள் விற்கிற மேசை. அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் காசுகள் அள்ளிக் கொட்டியிருந்தது. டப்பாவின் மேல் காகிதம் ஒட்டி, ‘மாதிரிக் காசுகள்’ என்று எழுதியிருந்தார்கள். சோழர் புலி, ரோமானியத் தலை, திப்புவின் யானை. எல்லாம் அச்சில் ஊற்றி எடுத்த நகல்கள். கிண்டிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சதுரம் மேலே வந்தது.

யானை. மேலே எழுத்து. ஒரு மூலை உடைந்திருந்தது. துதிக்கைக்கு முன்னால் மிளகளவு பள்ளம்.

செல்போனைத் திறந்து படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் காசை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரே முத்திரையில் அடித்தாலும் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அப்புறம் மண்ணுக்குள் கிடந்து ஒவ்வொன்றும் தன் போக்கில் தேயும், உடையும். ஒரே மூலை, ஒரே மாதிரி, ஒரே இடத்தில் பள்ளத்தோடு இரண்டு காசு இருக்கிறதென்றால், இரண்டும் ஒரே அச்சிலிருந்து வார்த்து எடுத்தவை என்றுதான் அர்த்தம். வேறு வழியே இல்லை. டப்பாவை இன்னும் கிண்டினேன். இன்னொன்று வந்தது. அதற்கும் அதே மூலை.

“இது ரொம்ப நாளா வர்ற பீஸ் மேடம்” என்றார் மேசைக்காரர். “ஸ்கூல் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிட்டுப் போவாங்க. நாங்க மாதிரின்னு சொல்லித்தான் விக்கிறோம். சில பேரு வாங்கி மண்ணுல புதைச்சு, களிம்பேத்தி ஒரிஜினல்னு வித்துடறாங்க. அதுக்கு நாங்க என்ன பண்றது?”

அண்ணாச்சியின் காசிலிருந்தே அச்சு எடுத்திருப்பார்களோ என்றும் யோசித்தேன்; அவர் அதை ஒருநாளும் யார் கையிலும் கொடுத்ததில்லை. ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தூரத்தில் அண்ணாச்சி ஒரு மேசைக்காரரிடம் தாமிரபரணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது கையாட்டத்திலேயே தெரிந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். ஊருக்குப் போனபிறகு, கடையில் உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லலாம். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மேடைக்குப் போவார். பெரிய திரையில் அந்தக் காசு தெரியும். இத்தனை பேருக்கு முன்னால் ஆய்வாளர் சொல்லப்போகிற சொல்லை அவர் முதல்முறையாக அங்கே நின்று கேட்க வேண்டியிருக்கும். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாடிப்படிக்குக் கீழே மதினி துண்டை விரித்துச் சாப்பாட்டைப் பிரித்திருந்தார். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

“அண்ணாச்சி, அந்தச் சதுரக்காச இன்னைக்கு மேடையில காட்ட வேண்டாம்.”

“ஏன்?”

நான் கைப்பையிலிருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். உடனே சட்டைப் பையைத் தொட்டார். சிமிழ் அங்கேதான் இருந்தது. முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இன்னொண்ணு கெடச்சிட்டா! எங்கன?” என்றார்.

“மாதிரிக் காசு டப்பாவுல அண்ணாச்சி.”

அவர் சிமிழைத் திறந்து, தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தார். மூலை மூலையோடு பொருந்தியது. திருப்பி வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே மீன். பக்கத்தில் யாரோ குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நாப்பது வருசமா செம்பத் தொட்டு வேவாரம் செய்யுதேன்” என்றார் கடைசியில். “ஒரு குடத்தத் தட்டிப் பாத்தா அதுல என்ன கலந்திருக்கான்னு சொல்லிருவேன். இது என் பையிலேயே கெடந்திருக்கு. ஒரு நாளாவது கை சொல்லியிருக்கணும்லா?”

ஏமாந்ததைவிட, தன் கை தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. மதினி இரண்டு காசையும் எட்டிப் பார்த்தார். அவர் முகமும் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. இலைத்துண்டில் சோற்றை வைத்து அண்ணாச்சியின் முன்னால் நகர்த்தினார்.

“சாப்பிடுங்க. ராத்திரி ரயில்லயும் ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயித்துல என்னத்த யோசிச்சாலும் ஓடாது.”

அவர் சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எம்மா, அச்சு எடுக்கணும்னா ஒண்ணு வேணும்லா? எதுலருந்து எடுத்தான்?”

“உண்மையான காசுலருந்துதான் எடுத்திருப்பான்.”

“அப்பம் அந்த மூலை ஒடைஞ்ச யானை எங்கனயோ இருக்கு.”

“இருக்கணும்.”

“வாங்க, தேடுவோம்” என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி கை கழுவ எழுந்துபோனார்.

மறுபடியும் அந்தச் சின்ன மேசைக்குப் போனோம். அச்சு எங்கிருந்து வந்தது என்று மேசைக்காரருக்குத் தெரியவில்லை. சதுரக்காசு பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மாடிக்குப் போங்கள் என்றார். மாடியில் விற்பனை கிடையாது. சேகரிப்பாளர்கள் தங்கள் காசுகளைச் சட்டம் போட்டுப் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கும் இடம் அது. ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டு போனோம். அண்ணாச்சி எனக்கு முன்னால் வேகமாகப் போனார். ஜன்னல் ஓரமாக இருந்த ஒரு சட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போகும்போது அவர் விரல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சதுரங்களின் வரிசை. நடுவில் அது. மூலை உடைந்த யானை.

சட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அண்ணாச்சி வணக்கம் சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல், சிமிழைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். பெரியவர் பார்த்ததும் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார்.

“நீங்களுமுங்களா?” என்றார். “போன தடவ சேலத்துக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாருங்க. அதுக்கு முந்தி ஒரு வாத்தியாரு.”

பல வருஷத்துக்கு முன்னால், படம் எடுத்துப் புத்தகத்தில் போடுகிறேன் என்று ஒருவர் அந்தக் காசை அவரிடம் வாங்கிப் போயிருக்கிறார். சில நாளில் பத்திரமாகத் திருப்பியும் கொடுத்துவிட்டார். புத்தகம் வரவில்லை. நகல்கள் வந்தன. “நம்ம காசுனால நாலு பேரு ஏமாந்துட்டாங்கன்னு நெனச்சா சங்கடமா இருக்குதுங்க. அதுக்குத்தான் வருசா வருசம் இங்க கொண்டாந்து வெக்கறனுங்க. பாத்தாத் தெரிஞ்சுக்குவாங்கல்ல.”

அப்புறம் அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சட்டத்தைத் திறந்தார். காசை எடுத்து அண்ணாச்சியின் வலது கையில் வைத்தார். “தொட்டுப் பாருங்க” என்றார்.

அண்ணாச்சி இடது கையில் தன் காசையும் வலது கையில் அந்தக் காசையும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் லென்சை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். வலது கைக் காசின் விளிம்பில் வெட்டின கூர் இன்னும் இருந்தது. இடது கைக் காசின் விளிம்பு, கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. எழுத்துகளும் அப்படித்தான். வலது கைக் காசில் ஒவ்வொரு கோடும் உளியால் செதுக்கினதுபோலக் கூர்மையாக எழுந்து நின்றது. இடது கைக் காசில் மழுங்கிப் படிந்து கிடந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. தனியாக வைத்துப் பார்த்தவரைக்கும் எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

“இது நெசமா இருக்கணும்னு நெனச்சுப் பாத்தேன். அது காட்டுனத மட்டும் பாத்தேன்” என்றார் அண்ணாச்சி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பெரியவர் சிரித்தார். “எங்க ஊட்டுல ஒரு டப்பா இருக்குதுங்க. நான் ஏமாந்து வாங்குனது பூராவும் அதுலதான் கெடக்குது. இந்தச் சட்டத்த விட அந்த டப்பா பெருசுங்க.”

அண்ணாச்சிக்கு அதைக் கேட்டதும் மூச்சு வந்ததுபோல இருந்தது. அந்தக் காசு எங்கே கிடைத்தது என்று கேட்டார். கைமாறிக் கைமாறி வந்ததுதான், யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார் பெரியவர். “இது எங்க ஆத்துக் காசு அய்யா. அந்தச் செம்பு நெறத்தப் பாத்தாலே தெரியுது” என்றார் அண்ணாச்சி. இருக்கலாமுங்க என்றார் அவர். அரைமணி நேரத்துக்கு முன்னால் தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டது என்று சொன்ன மனுஷர் இப்படி அடித்துச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் பழையபடி ஆகிவிட்டார் என்று தெரிந்தது.

எழுத்தையும் பெரியவரே படித்துக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து அவர் சொல்ல, அண்ணாச்சி கூடவே சொன்னார். அது ஒரு அரசனின் பெயர். கீழே மேடையில் ஆய்வாளர் பேசத் தொடங்கியிருந்தார். ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. நாங்கள் யாரும் கீழே போகவில்லை. மதினியும் மாடியேறி வந்து அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இதுக்குக் காலு இன்னும் கொஞ்சம் நீளமா போட்டிருக்கலாம்” என்று யானையைப் பற்றிச் சொன்னார்.

ரயிலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊருக்கு முந்தின கங்கைகொண்டான் தாண்டியதும் அண்ணாச்சி காலை வெளிச்சத்தில் சிமிழைத் திறந்து பார்த்தார்.

“ஊர்ல எறங்கி நேரா குறுக்குத்துறைக்குப் போயி, ஆத்துல வீசிட்டு முங்கி எந்திரிச்சிருதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். “அரிக்கவங்க கையில மாட்டும். அவங்க யார்ட்ட கொண்டு வருவாங்க?”

அவர் என்னைப் பார்த்தார். “என்ட்டதான் கொண்டு வருவான்” என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எதிர் இருக்கைக்காரர் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார். “நான் மறுபடியும் வாங்கிருவேன்மா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மதினியும் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனபோது அவர் இரண்டு காசையும் பட்டறைக் கல்லில் வைத்தார். ஒடுக்கு எடுக்கிற சுத்தியலால் ஆளுக்கு ஒன்றாகத் தட்டினோம். யானை போயிற்று, எழுத்து போயிற்று, தகடாகிவிட்டது. அதைப் பழைய செம்பு மூட்டையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சிமிழை மதினி திரும்ப வாங்கிக்கொண்டு, கழுவிக் குங்குமம் நிரப்பினார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வருஷமும் சென்னைக்குப் போனோம். கொரோனா வந்து இடையில் நின்றது. அப்புறம் ஆற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. மீனாட்சிபுரத்தில் அவர்கள் புதிதாகக் கட்டிக் குடிபோயிருந்த வீட்டில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு மகன் வந்து, இனி இங்கே தனியாக விடமாட்டேன் என்று இருவரையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கடையை அண்ணாச்சியின் தம்பி மகன் எடுத்துக்கொண்டான். இப்போது அங்கே எவர்சில்வரும் நான்ஸ்டிக்கும்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எனக்குப் போக்கிடம் இல்லாமல் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் பாவம், லென்சைப் பிடித்துக்கொண்டு கூட உட்காருவார். அவருக்கு எல்லாமே ஆணிக் கொண்டையாகத்தான் தெரிகிறது.

இந்த வருஷம் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். வேறு மண்டபம், ஏசி வைத்தது. உள்ளே நுழைந்ததும் பழக்கமான குரல் கேட்டது. அண்ணாச்சி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாங்குகிறவராக இல்லை, விற்கிறவராக. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கண்ணாடித் தட்டில் எங்கள் கிண்ணத்துக் காசுகள் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், மதினியின் கையெழுத்தில் பெயர் எழுதி இருந்தன. பக்கத்து நாற்காலியில் மதினி டிபன் பையோடு இருந்தார்.

முன்னால் ஒரு இளைஞர் நாயக்கர் காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவருக்கு அது ஆற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும், “ஒரு ஓரம் தேஞ்சிருக்கு தம்பி. எதுத்த மேசையில இதவிட நல்லது வச்சிருக்காவ. அதையும் பாத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

“இப்படித்தான் காலையிலருந்து” என்றார் மதினி. “வந்தவுகளைப் பூரா எதுத்த மேசைக்கு அனுப்புதாவ.”

என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். என்ன சௌக்கியம் என்று கேட்கவில்லை. “ஆத்துல தண்ணி போவுதா?” என்றார்.

“ரெண்டு கரையும் தொட்டுப் போவுது.”

“படித்துறை எப்படி இருக்கு? ஆத்து மண்டபம் தெரியுதா?”

தெரிகிறது என்றேன். மணல் எங்கே ஒதுங்கியிருக்கிறது, வெள்ளத்துக்குப் பிறகு அரிக்கிறவர்கள் யார் யார் வருகிறார்கள், புதிதாக ஏதாவது கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் மேசைக்கு வந்த இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மதினி எங்கள் இருவருக்கும் இடையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

“அடுத்த வருசம் நீங்களும் பக்கத்துல ஒரு மேசை போட்டுருங்கம்மா” என்றார் அண்ணாச்சி.

“எனக்கு விக்க மனசு வராது அண்ணாச்சி.”

“எனக்கு மட்டும் வருதுன்னா நெனைக்கிய?” என்றார் அவர். தட்டில் கோணலாக இருந்த உறை ஒன்றை நிமிர்த்தி வைத்துவிட்டு, இட்லியை எடுத்துக்கொண்டார்.